பெட்ரோல் குழாயை நிறுத்திய பழைய சாவி!
அமெரிக்காவின் கிழக்குக் கரைக்குப் போகும் எரிபொருளில் ஏறக்குறைய பாதியை, கலோனியல் கம்பெனியின் ராட்சதக் குழாய் சுமக்கிறது. 2021 மே 7-ந் தேதி அது நின்றது! பெட்ரோலுக்கு ஜனங்கள் அலைந்தார்கள்.

குழாயை யாரும் உடைக்கவில்லை. திருடர்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டார்கள். ஆபத்து பரவுமோ என்று பயந்து, கம்பெனியே குழாயை நிறுத்தியது.

திருடர்கள் எப்படி நுழைந்தார்கள்?

ஊழியர்கள் வெளியூரிலிருந்தே கம்ப்யூட்டருக்குள் நுழைய வழி உண்டு. அதில் உபயோகத்தில் இல்லாத பழைய கணக்கு ஒன்று மூடப்படாமல் கிடந்தது. அதன் ரகசியச் சொல் திருடர் கையில் சிக்கியது. லேசில் ஊகிக்கக்கூடிய சொல் அல்ல. என்ன பயன்? செல்போனுக்கு வரும் எண்ணையும் கேட்கும் இரண்டாவது பூட்டு அங்கே இல்லையே!

மறுநாளே கம்பெனி கொடுத்த கப்பம் சுமார் 44 லட்சம் டாலர். ஒரு பகுதியை அரசாங்கம் ஜூனில் மீட்டது.