தொழில் கற்பிப்போரும் பரீட்சிப்போரும்

நம் நாட்டில் ஒருவனுக்கு இன்ன தொழில்தான் என்று தீர்மானிக்கிற அதிகாரம் வெகு காலமாகப் பிறப்பினிடத்திலேயே இருந்து வந்திருக்கிறது. வெளுப்பவர் மகன் வெளுக்க வேண்டும், சிரைப்பவர் மகன் சிரைக்க வேண்டும், மணியாட்டுகிறவர் மகன் மணியாட்ட வேண்டும் என்பதற்கு எந்தக் காலத்திலாவது பரீட்சை நடந்ததுண்டா? கற்பிப்பவர் தகப்பனார், பரீட்சகர் ஜாதி, சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டது சாஸ்திரம். இதுதான் நம் நாட்டுப் பழைய தொழிற்கல்வியின் யோக்கியதை.

இது பழங்கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1953-ல் தோழர் ராஜகோபாலாச்சாரியார் கிராமப் பள்ளிக்கூடங்களில் அரை நேரம் படிப்பு, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார். பெரியாரும் மற்றவர்களும் அதைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954-ல் ஆச்சாரியார் விலகி, காமராஜர் முதல் மந்திரியான பின்புதான் அது ஒழிந்தது. 2023-ல் மத்திய சர்க்கார் விஸ்வகர்மா என்ற பேரால் கொண்டு வந்த திட்டத்திலும் குடும்ப வழியாக வருகிற பாரம்பரியத் தொழில் என்ற பேச்சுத் தலைகாட்டிற்று. தமிழ்நாட்டு அரசு 2024-ல் அதை அப்படியே ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையில்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025-ல் துவக்கியது. எழுபது வருஷத்துக்குப் பின்னும் பிறப்பு தன் நாற்காலியை விட மனமில்லாமல்தான் இருக்கிறது.

நிற்க, அந்த நாற்காலியில் இப்போது யார் உட்கார வேண்டும் என்பதே நாம் பேச வந்த விஷயம். திருவள்ளூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய்க்கண்டிகையிலும் சிப்காட், காக்களூரில் சிட்கோ. இதே மாவட்டத்தில்தான் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களும் இருக்கின்றன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனால் சட்டம் கட்டை அவிழ்க்குமே தவிர, கையில் தொழிலைக் கொடுத்துவிடாது. சூளையில் கல் அறுத்தவர் பிள்ளை லேத்தின் முன் நிற்க வேண்டுமானால், அவனுக்கு இருவர் வேண்டும். ஒருவர் ஒழுங்காகக் கற்பிக்கிற ஆசிரியர். மற்றொருவர் நேர்மையாகப் பரீட்சிக்கிறவர்.

நல்ல தொழிலாளி எல்லாரும் நல்ல ஆசிரியராகிவிட முடியாது. செய்யத் தெரிவது வேறு. செய்வதைப் பிரித்துச் சொல்லி, செய்து காட்டி, பிள்ளையைச் செய்ய விட்டு, எங்கே தவறிற்று என்று விளக்குவது வேறு. இதற்கென்றே கிண்டியில் தொழிலாசிரியர்களைப் பழக்கும் நிலையம் ஒன்று 1960-களிலிருந்து இருந்து வருகிறது. 71 அரசு ஐ.டி.ஐ.க்களைப் புதுப்பிக்கத் தமிழ்நாட்டு அரசு சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது. மெத்தச் சரி. ஆனால் மெஷின் தானே வாய் திறந்து பாடம் சொல்லுமா? பக்கத்தில் நிற்கிற ஆசிரியரும் அவ்வப்போது ஆலைக்குப் போய்ப் புது வேலையைப் பழகி வர வேண்டாமா? ஆயுத பூஜையன்று லேத்துக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டுகிறவர், மறுநாள் சக்கில் சாவி மாட்டியிருக்கையிலே மெஷினை ஓட்டுகிற பையனைக் கண்டிக்காமல் இருந்தால், பறந்து வரும் சாவியை எந்தச் சரஸ்வதி தடுப்பாள்? பெண் பிள்ளை வெல்டிங் கற்க வந்தால், "உனக்குத் தையல் போதாதா?" என்று கேட்கிற ஆசிரியரும் குலக்கல்வி வாத்தியாரே ஆவார்.

இனி பரீட்சகர் விஷயம். மைக்ரோமீட்டர் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பாகத்தைக் காட்டும். ஆனால் ஜாதியைக் காட்டாது. வெல்டிங் செய்த பட்டையை வளைத்துப் பார்த்தால், அது ஒட்டா அல்லது வெறும் பூச்சா என்பது தெரிந்துவிடும். செய்தவன் ஊரும் சேரியும் தெரியாது. பரீட்சகரும் அந்தக் கருவியைப் போல இருக்க வேண்டும். இந்நாட்டில் அவ்வளவு நேர்மையான நீதிபதி வேறு ஏது?

சிலர், "ஏழைப் பிள்ளை, பாஸ் போட்டுவிட்டால் என்ன நஷ்டம்?" என்று கேட்கிறார்கள். இது இரக்கம் போலத் தோன்றுமே ஒழிய, உண்மையில் துரோகமேயாகும். அந்தப் பிள்ளை கும்மிடிப்பூண்டி ஆலைக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்தில் அவன் கை அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். அப்போது மேஸ்திரி பரீட்சகரையா குறை சொல்லுவான்? "இந்த ஜாதிக்கு இதெல்லாம் வராது" என்றுதான் சொல்லுவான். ஆகவே பொய்யாய்ப் பாஸ் போடுகிறவர், பிறப்பைத் திரும்ப அழைத்து வந்து நாற்காலியில் உட்கார வைக்கிறார். கை தேர்ந்தவனைக் காசுக்காகவோ முகத்துக்காகவோ தோற்கடிக்கிறவரும் அதே காரியத்தைத்தான் செய்கிறார்.

ஆதலால் நாம் கேட்பது இவையே. கற்பித்தவரே பரீட்சிக்கக்கூடாது. எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கைப் பார்த்துப் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கொடுப்பதானால், அந்தப் பணத்தின் வாடைகூடப் பரீட்சகர் பக்கம் வீசக்கூடாது. செய்த சாமானில் பெயர் இருக்கக்கூடாது. நெம்பர்தான் இருக்க வேண்டும். தவறினவனுக்கு எங்கே தவறினான் என்று எழுதிக் கொடுத்து, மறுபடி பழகி வரச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடமே போகாமல் பட்டறையில் பழகினவருக்கும், ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைக்கிறவருக்கும், அவரவருக்குப் புரிகிற பாஷையில் கேள்வி கேட்டுக் கைத்திறனுக்குச் சான்று கொடுக்க வேண்டும்.

ஒருவன் தோற்பதானாலும் தன் கையால் தோற்கட்டும். தன் தகப்பன் பேரால் தோற்க வேண்டாம். கையால் தோற்றவன் நாளைக்குக் கற்றுக்கொண்டு வருவான். பிறப்பால் தோற்கடிக்கப்பட்டவனுக்கு மறு பரீட்சையே கிடையாது என்பதை வாசகர்கள் மறக்காமலிருக்க வேண்டுகிறோம்.