பூண்டிக் கல்லூரி யார் விளைத்த நெல்லில் எழுந்தது?

தஞ்சாவூருக்குக் கிழக்கே, சாலியமங்கலத்தை அடுத்து, பூண்டி என்று ஒரு சிற்றூர் உண்டு. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் மாதா கோயில் இருக்கும் பூண்டி வேறு, இது வேறு. நாலாபுறமும் நெல் வயல். அதன் நடுவே ஒரு கல்லூரி. அ. வீரையா வாண்டையார் நினைவு ஸ்ரீ புஷ்பம் கல்லூரி என்பது அதன் முழுப் பெயர். பிறந்த ஆண்டு 1956.

சங்க வேலையாக அந்தப் பக்கம் போன நாம், ஒரு டீக்கடை வாசலில் வயதான ஒரு விவசாயத் தொழிலாளியுடன் பேசிக்கொண்டிருந்தோம். பேத்தி கல்லூரியில் படிக்கிறாளாம். "ஐயாமார் புண்ணியம்" என்றார், கையெடுத்துக் கும்பிட்டு. அந்தக் கும்பிடு நம் மனதை உறுத்தியது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பெரியவர் சொன்னது முழுப் பொய்யல்ல. பூண்டி வாண்டையார் குடும்பம் பெரும் நிலக்கிழார் குடும்பம். கையிலிருந்த பணத்தைக் கொண்டு பட்டணத்தில் பங்களா கட்டிக்கொண்டு போன மிராசுதார்கள் எத்தனையோ பேர். இவர்கள் சொந்தக் கிராமத்தில் கல்லூரி கட்டினார்கள். அதை நெடுங்காலம் நடத்தி 2021-ல் மறைந்த துளசி ஐயா வாண்டையார் காங்கிரஸ்காரர். 1991 முதல் 1996 வரை தஞ்சாவூர் எம்.பி. நன்கொடை கேட்காமல் இடம் கொடுத்தவர் என்று வட்டாரத்தில் பெயர் எடுத்தவர். கொள்கை வேறானாலும் நல்லதை நல்லது என்று சொல்ல நமக்குத் தயக்கம் இல்லை.

அதற்கு முன் நிலைமை என்ன? கும்பகோணத்தில் 1854 முதல் அரசுக் கல்விக்கூடம் இருந்தது. அங்கே 1904-ல் சேர்ந்த ராமானுஜன், ஜவுளிக்கடை குமாஸ்தாவின் மகன். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தவறியதால் உபகாரச் சம்பளம் போயிற்று, படிப்பும் நின்றது. உலகம் போற்றிய கணித மேதைக்கே அந்தக் கதி! சேற்றில் நின்ற பண்ணையாளின் பிள்ளை கல்லூரி வாசலை மிதிக்க முடியுமா? தஞ்சாவூர் நகரத்துக்கே சரபோஜி கல்லூரி 1955-ல்தான் வந்தது. அடுத்த ஆண்டே ஒரு கிராமத்தில் கல்லூரி எழுந்தது பெரிய காரியம்தான்.

ஆனால், அந்தக் காரியத்துக்கான பணம் எங்கிருந்து வந்தது?

தோழர்களே, கணக்குப் பார்ப்போம். "உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது நம் ஊர்ப் பழமொழி. மிஞ்சியதெல்லாம் எங்கே போயிற்று? மிராசுதார்களின் பத்தாயத்துக்கும் குதிருக்கும் போயிற்று. 1952-ல் வந்த தஞ்சைச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம்தான் குத்தகை விவசாயிக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்று நிர்ணயித்தது. அதற்கு முன் அதுவும் நிச்சயமில்லை. கல்லூரி பிறந்த அதே 1956-ல் நியாய வாரச் சட்டம் வந்து, நன்செய் நிலத்தில் உடைமையாளருக்கு நூற்றுக்கு 40 என்று வரம்பு கட்டியது. நிலமே இல்லாத பண்ணையாளுக்கு இந்தப் பங்கும் கிடையாது. கூலிதான், அதுவும் அரைவயிற்றுக் கூலி.

நாம் எந்த ஒரு குடும்பத்தின் மீதும் இங்கே வழக்குப் போடவில்லை. முறையைப் பேசுகிறோம். தஞ்சை ஜில்லாவில் எந்த மிராசுதார் எந்தத் தருமம் செய்திருந்தாலும், சத்திரமோ, கோயிலோ, கல்லூரியோ, அதற்கு முதல் போட்டது நாற்று நட்ட கையும் கதிர் அறுத்த கையும்தான். கல்வெட்டில் அந்தக் கைகளின் பெயர் இல்லை. அவ்வளவே வித்தியாசம்.

இன்னொரு கணக்கும் உண்டு. உதவி பெறும் கல்லூரி என்றால், அரசு ஒப்புக்கொண்ட பணியிடங்களுக்கு அரசே சம்பளம் கொடுக்கிறது. அரசுக்குப் பணம் ஏது? நாம் வாங்கும் சோப்பிலும் துணியிலும் தீப்பெட்டியிலும் கொடுக்கும் வரி. ஆகவே ஒரு முறை நெல்லாகவும், மறுமுறை வரியாகவும் கொடுத்தவன் உழைப்பாளி. இரண்டு தரம் விலை கொடுத்தவன் எதற்குக் கும்பிட வேண்டும்?

மூன்று ஆண்டுகளை நினைவில் வையுங்கள். 1944-ல் மன்னார்குடி ஒப்பந்தம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்டியது. அது செங்கொடியின் கீழ் கூடி நின்று பெற்றது. 12 ஆண்டு கழித்து, 1956-ல், பூண்டியில் கல்லூரி. இன்னும் 12 ஆண்டு கழித்து, 1968 டிசம்பர் 25-ல், இதே தஞ்சை ஜில்லாவில் கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காகக் கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் வெந்து மாண்டன. கல்விக்கூடம் எழுந்தால் மட்டும் அக்கிரமம் ஒழிந்துவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? வெண்மணிக்குப் பிறகுதான் 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், 1971-ல் குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டமும் வந்தன. மனை சொந்தமானது. எந்த நேரமும் வெளியேற்றுவார்கள் என்ற பயம் விலகியது. அதன் பிறகே பிள்ளையை நிம்மதியாகப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. ஆகவே, கூலிப் போராட்டம் வேறு, கல்வி வேறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்றைய நிலை என்ன? அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-லும் வந்து, கல்லூரி மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்க வழி செய்தன. வரவேற்கிறோம். ஆனால் தமிழ்நாடு முழுவதும் உதவி பெறும் கல்லூரிகளுக்குள்ளேயே சுயநிதி வகுப்புகள் பெருகியிருக்கின்றன. ஒரே கூரை, இந்தப் பக்கம் குறைந்த கட்டணம், அந்தப் பக்கம் கூடுதல் கட்டணம். அறுவடை இயந்திரம் வந்து வேலை நாள் குறைந்த வீட்டில், அந்தக் கட்டணத்துக்குத் தாயின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. இவ்வளவும் செய்து பட்டம் வாங்கிய பிள்ளை திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறுகிறான். அங்கே வேலை செய்யும் தோழர்களுக்கு இது தெரியும். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவனைக் கேட்டுப் பாருங்கள்.

படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சேற்றுக் காலோடு அம்மா கல்லூரி வாசலுக்கு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. அந்தச் சேறுதான் உன் கட்டணம். சங்கத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடு. கூலிக் கணக்கைச் சரிபார்த்துக் கொடு. உன் படிப்புக்கு அதைவிடப் பெருமை இல்லை.

நாம் கேட்பது இவ்வளவுதான். உதவி பெறும் வகுப்புகளைக் கூட்ட வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். உபகாரச் சம்பளம் ஆண்டு முடிவதற்குள் கைக்கு வர வேண்டும். படித்தவனுக்கு டெல்டாவிலேயே வேலை வேண்டும்.

டீக்கடைப் பெரியவரிடம் விடைபெறும்போது இதைத்தான் சொன்னோம்: "ஐயா, உங்கள் பேத்தி யார் தயவிலும் படிக்கவில்லை. உங்கள் கடன் பாக்கியை வசூல் செய்கிறாள்." அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சிரித்தார். "அப்போ வட்டியும் கேட்கணுமே தோழரே" என்றார்.

கேட்போம், தோழர்களே. கூடிக் கேட்போம்.