தைமின், யுராசில் பிரிவினை இயற்கை விதியா?

டி.என்.ஏவில் அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் ஆகிய நான்கு நைட்ரஜன் காரங்கள் மட்டுமே உண்டு, ஆர்.என்.ஏவில் தைமினின் இடத்தில் யுராசில் அமைகிறது, ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று நுழைவதில்லை என்பது பள்ளி நூல்கள் முதல் போட்டித் தேர்வுக் கையேடுகள் வரை திரும்பத் திரும்ப எழுதப்படும் கூற்று. மதிப்பெண் பெற்றுத்தரும் இக்கூற்று உயிரணுவின் நடைமுறையோடு பல இடங்களில் முரண்படுகிறது.

தைமின் என்பது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மீத்தைல் தொகுதி கூடுதலாகச் சேர்ந்த யுராசிலே. இரண்டும் அடினைனோடு ஒரே விதமாக இணைவதால், டி.என்.ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதிகளில் பெரும்பாலானவை அவற்றை வேறுபடுத்தி அறிவதில்லை. போதாக்குறைக்கு, சைட்டோசின் நீரோடு வினைபுரிந்து தன் அமினோ தொகுதியை இழந்து தானாகவே யுராசிலாக மாறுவதும் உண்டு; மனித உயிரணு ஒன்றில் இது நாளொன்றுக்கு நூறு முறை அளவிலேனும் நிகழ்வதாக மதிப்பிடப்படுகிறது. இவ்வாறு சேரும் யுராசிலை வெட்டியெடுக்கும் நொதியை 1974இல் கண்டறிந்த தாமஸ் லிண்டால், டி.என்.ஏ பழுதுநீக்க ஆய்வுகளுக்காக 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆகவே யுராசில் நுழைவதில்லை என்பது பிழை. நுழைந்த யுராசில் ஓயாமல் அகற்றப்படுகிறது என்பதே சரி. முறையாக அமைந்த காரம் எது, சிதைந்த சைட்டோசின் எது என்று அந்நொதி பிரித்தறிவதற்குத் தைமினின் மீத்தைல் தொகுதியே அடையாளமாக உதவுகிறது. இந்தக் காவலையும் மீறியது பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவைத் தாக்கும் பிபிஎஸ்2 வைரஸ்: அதன் டி.என்.ஏவில் தைமினுக்குப் பதிலாக யுராசிலே உள்ளது, வெட்டும் நொதியை முடக்கும் புரதத்தையும் அதுவே ஆக்கிக்கொள்கிறது.

நான்கு காரங்கள் மட்டுமே என்னும் பகுதியை மறுக்க நெடிய வாதம் தேவையில்லை. டி4 வைரஸ் சைட்டோசினுக்குப் பதிலாக ஹைட்ராக்சிமீத்தைல்சைட்டோசினைக் கொண்டுள்ளது. நீலப்பச்சைப் பாக்டீரியாவைத் தாக்கும் எஸ்-2எல் வைரஸில் அடினைனே இல்லை, அதன் இடத்திலுள்ள அமினோஅடினைன் தைமினோடு மூன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் இணைகிறது. வைரஸ்கள் விதிவிலக்கு என்று தள்ளிவிடுவோருக்கு, மனித டி.என்.ஏவிலேயே மீத்தைல் ஏறிய சைட்டோசின் இருப்பதும், மரபணுக்கள் இயங்குவதையும் அடங்குவதையும் அது நெறிப்படுத்துவதும் விடையாகும்.

ஆர்.என்.ஏவில் தைமின் இல்லை என்பதும் நிற்காது. அமினோ அமிலங்களைச் சுமந்துசெல்லும் கடத்து ஆர்.என்.ஏக்களில் பெரும்பாலானவற்றின் ஒரு வளைவில் தைமின் உண்டு. அங்குள்ள தைமின், இழை உருவான பின் யுராசிலில் மீத்தைல் ஏற்றப்பட்டுப் பிறந்தது, எனவே கணக்கில் வராது என்பர் சிலர். அந்த அளவுகோலை ஏற்றால் டி.என்.ஏவின் தைமினும் தப்பாது. உயிரணு புதிதாக ஆக்கும் தைமினும் யுராசில் கொண்ட நியூக்ளியோடைடில் தைமிடிலேட் சிந்தேஸ் நொதி மீத்தைல் சேர்ப்பதாலேயே உண்டாகிறது. புற்றுநோய் மருந்தான ஃபுளோரோயுராசில் முடக்குவது இந்த நொதியைத்தான்.

கடத்து ஆர்.என்.ஏவின் அதே வளைவில், யுராசில் வழக்கமான நைட்ரஜன் வழியாக அல்லாமல் கார்பன் வழியாகச் சர்க்கரையோடு இணைந்த சூடோயுரிடினும் உள்ளது. அதன் மீத்தைல் ஏறிய வடிவமே ஃபைசர், மாடர்னா நிறுவனங்களின் கொரோனா தடுப்பூசிகளிலுள்ள ஆர்.என்.ஏவில் யுரிடினின் இடங்கள் அனைத்திலும் வைக்கப்பட்டது; அதற்கு வழிவகுத்த ஆய்வுக்காக 2023இல் கட்டலின் கரிகோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.