மந்தையில்லா மலையில் மேய்ப்பு நாய்

உத்தியோகத்தின் பொருட்டுக் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் பிள்ளைகள், பதுளையிலும் பண்டாரவளையிலும் தனித்திருக்கும் தாய் தந்தையருக்கு நாய்க்குட்டியொன்றை வாங்கி அனுப்புவது இன்று அபூர்வமான செய்தியன்று. அந்த நோக்கத்தை யாரும் குறைகூற இயலாது. வீட்டுக்குக் காவல், பேச்சுக்குத் துணை, காலாற நடப்பதற்கு ஒரு முகாந்திரம் ஆகிய மூன்றும் ஒரே பிராணியிடம் கிடைக்குமாயின் வேறென்ன வேண்டும்? ஆனால், வந்து சேரும் குட்டி பெரும்பாலும் அல்சேஷனாகவோ கொலியாகவோ இருக்கிறது. அங்கேதான் எனக்குத் தயக்கம் தோன்றுகிறது. குட்டியின் அழகையும் குலத்தையும் பார்த்து வாங்குகிறார்களேயன்றி, அந்தக் குலம் எந்தத் தொழிலுக்காக உண்டாக்கப்பட்டது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

அல்சேஷன் என்று நாம் அழைப்பது ஜேர்மானிய மேய்ப்பு நாயையே. 1899இல் மாக்ஸ் வொன் ஸ்டெஃபானிட்ஸ் என்ற இராணுவ அதிகாரி ஆட்டு மந்தை ஓட்டும் நாய்களிலிருந்து தேர்ந்தெடுத்து அதனை ஒரு தனிக் குலமாக நிலைநிறுத்தினார். முதலாம் உலக யுத்தத்துக்குப் பின், ஜேர்மனி என்ற பெயரே கசந்துபோன ஆங்கிலேயர் அதற்கு வேறு பெயரிட்டார்கள். அந்தப் பெயர் நம் ஊரிலும் நிலைத்துவிட்டது. கொலியோ ஸ்கொத்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலுள்ள எல்லைப்புற மலைகளின் நாய். 1893இல் நோர்தம்பர்லாந்தில் அடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ஹெம்ப் என்னும் நாயை அக்குலத்தின் தந்தை என்பார்கள். அது ஆடுகளைக் கடித்தோ குரைத்தோ விரட்டவில்லை. பதுங்கி நின்று தன் பார்வையினாலேயே நகர்த்தியது. (அதே 1893இல்தான் இலங்கையில் விசர்நாய்க்கடி பற்றிய சட்டம் பிறந்தது. ஓர் ஊரில் நாய் மேய்ப்பனின் வலக்கையாகப் போற்றப்பட்ட ஆண்டிலே, மற்றோர் ஊரில் அது சட்டத்தின் கவலையாயிற்று!) ஒரு சீழ்க்கை ஒலிக்குக் குன்றேறி, மறு ஒலிக்குப் பள்ளத்தில் இறங்கி, பொழுது சாயும்வரை ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட உடலும் மூளையும் அதற்கு வாய்த்தன.

நம்மவர் அறிந்த பட்டி நாய் வேறு வகையானது. தமிழகத்து இடையர் கிடை போடும் இடத்தில் அது இரவெல்லாம் காவல் கிடக்கும்; மந்தையை ஓட்டுவது மனிதனின் வேலை. படுத்திருந்து செவி சாய்ப்பதே காவல் நாயின் தொழில். அதனால்தான் நாய் என்றவுடன் வாசற்படியில் சுருண்டு கிடக்கும் ஓர் உருவம் நம் மனத்தில் எழுகிறது. கொலி அவ்வாறு கிடப்பதற்குப் பிறந்ததன்று.

ஊவாவின் தோட்டங்களில் அதற்கு ஓட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஆட்டு மந்தை இல்லை. மாடு உண்டு, ஆனால் அது நடப்பதில்லை. தேயிலை மலையில் மாட்டை மேயவிட முடியாதாகையால், தொழுவத்தில் நிற்கும் பசுவுக்குப் புல்லுக்கட்டு தலைச்சுமையாக வந்து சேருகிறது. ஆகவே மேய்ப்பு நாய் தன் மந்தையைத் தானே தேடிக்கொள்கிறது. வளைவிலே திரும்பும் முச்சக்கர வண்டி, மணியடிக்கும் முன் ஓடும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், புல்லுக்கட்டுடன் பாதை இறங்கும் பெண் ஆகிய அனைத்தும் அதன் கண்ணுக்குச் சிதறி ஓடும் ஆடுகளே. பின்னால் ஓடிக் குதிகாலைக் கவ்வப் பார்க்கும். அது கோபமுமன்று, வெறியுமன்று; அது அதன் தொழில். ஆனால் கடிபட்ட பிள்ளையின் தாய்க்கு இந்த விளக்கம் எதற்கு உதவும்? லயத்திலிருந்து நாலு பேர் வந்து முறையிட்ட மறுநாளே நாயின் கழுத்தில் சங்கிலி ஏறிவிடும்.

அதன்பின் நடப்பது யாவரும் கண்டதே. எட்டடிச் சங்கிலியில் கட்டுண்ட நாய் வட்டமிட்டு வட்டமிட்டு மண்ணைப் பள்ளமாக்கும்; காரணமின்றி இரவு முழுதும் குரைக்கும்; நாளடைவில் சோறு வைக்கும் கையையே முறைக்கும். துணைக்கென்று வந்த பிராணிக்கு அஞ்சி, வீட்டுக்குரிய முதியவர் பின்கதவால் நடமாடுகிறார். இதை விசுவாசமற்ற ஜாதி என்று தூற்றுவோரைக் கேட்டிருக்கிறேன். ஆயுள் முழுதும் கணக்குப் புத்தகத்தோடு புழங்கிய ஒரு கணக்கப்பிள்ளையை வெறும் அறையில் பூட்டிவைத்தால் அவர் மாத்திரம் சாந்தமாக இருப்பாரா?

முதியவரும் மேய்ப்பு நாயும் ஒத்து வாழ்ந்ததேயில்லையா என்றால், உண்டு. அமெரிக்காவில் தென் கரோலினாவைச் சேர்ந்த ஜோன் பில்லி, இளைப்பாறிய உளவியல் பேராசிரியர். 2004இல், அவருடைய 76ஆம் வயதில், மனைவி பரிசாக ஒரு கொலிக் குட்டியைக் கொடுத்தார். அதற்குச் சேஸர் என்று பெயரிட்டு, மூன்றே ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விளையாட்டுப் பொருள்களின் பெயர்களை அதற்குக் கற்பித்தார் பில்லி. 1,022 பெயர்கள் என்று 2011இல் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரை கூறுகிறது. கிழவருக்கும் கொலிக்கும் பொருந்தும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால் அந்தச் சான்றின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். தினமும் நாலைந்து மணிநேரம் அவர் அந்த நாய்க்குப் பாடம் நடத்தினார். மந்தைக்குப் பதிலாக ஒரு பள்ளிக்கூடத்தையே அதற்குக் கொடுத்தார். வயது அங்கே தடையாக இருக்கவில்லை. ஓய்ந்திருப்பதே தடையாக இருந்திருக்கும். நம் முதியோரில் அத்தனை மணிநேரத்தை ஒரு நாய்க்குக் கொடுக்கக்கூடியவர், கொடுக்க விரும்புகிறவர் எவரோ, அவர் தாராளமாகக் கொலியை வளர்க்கட்டும்.

1954இல் இலங்கைக்கு விஜயம் செய்த எலிசபெத் மகாராணியாரையும் இங்கே நினைக்கலாம். அவர் வாழ்நாள் முழுதும் வளர்த்த கோர்கி நாய்களும் வேல்ஸ் நாட்டில் மாடு ஓட்டியவையே. தொண்ணூற்றைந்தை எட்டும் வயதிலும், 2021இல், அவருக்குப் புதிய குட்டிகள் கொடுக்கப்பட்டன. அரண்மனையில் ஏவலுக்கு ஆளுண்டு, உலாவத் தோட்டமுண்டு. அந்த உதாரணத்தை நம் வீட்டுக்கு இழுத்து வருவதில் பயனில்லை.

நாய் இருந்தால் நடை கூடும் என்பது உண்மைதான். இங்கிலாந்தில் 65 வயதைக் கடந்தோரிடையே நடத்தி 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், நாய் வளர்ப்போர் வளர்க்காதோரைவிட நாளொன்றுக்குச் சராசரி 22 நிமிடம் அதிகம் நடந்ததாகக் கண்டார்கள். ஆனால் அமெரிக்காவில் அதே வயதினர் நாயைக் கயிற்றில் பிடித்து நடக்கையில் எலும்பு முறிந்து வைத்தியசாலைக்கு வந்த கணக்கையும் சேர்த்துப் படிக்கவேண்டும்: 2004இல் ஏறத்தாழ 1,670 பேர், 2017இல் ஏறத்தாழ 4,400 பேர். அவர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் பெண்கள். இவையெல்லாம் நடைபாதையுள்ள தேசங்களின் கணக்கு. அப்புத்தளையின் சரிவிலே, பாசி படிந்த கருங்கற்படியிலே, முப்பது நாற்பது கிலோ எடையுள்ள அல்சேஷன் ஒரு பூனையைக் கண்டு திமிறினால் எழுபது வயது இடுப்பெலும்பு என்னாகும்?

முதியோர் என்று எல்லோரையும் ஒரே சொல்லில் அடக்குவதும் சரியன்று. நாற்பதாண்டு கொழுந்துக் கூடையுடன் மலையேறி இறங்கிய கிழவிக்கு மூச்சும் பழக்கமும் உண்டு, முழங்கால்தான் இல்லை. மேசையடியில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறிய கிளாக்கருக்கு முழங்கால் இருக்கலாம்; பழக்கமில்லை. முன்னவரின் லயத்து வாசலில் கிடக்கும் நாட்டு நாயைக் கவனியுங்கள். அவள் கடைக்குப் போனால் கூடவே போகும். அவள் இருந்தால் அதுவும் இருக்கும். மரக்கறிப் பாத்திக்குக் காட்டுப்பன்றி வந்தால் ஊரைக் கூட்டும். அதன் குலத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மலைநாட்டு வாழ்வின் அளவுக்கு அது தைத்த சட்டை. தடுப்பூசி போட்டு, இனப்பெருக்கத்தைத் தடுத்து, இரவில் சிறுத்தைக்கு இரையாகாமல் உள்ளே படுக்கவைத்தால் போதும். இப்படிப்பட்ட நாய், அதுவும் குட்டிப் பருவம் கடந்து நாலைந்து வயதில் அடங்கியது, தனித்திருக்கும் முதியவருக்கு ஏற்றது என்பதே என் அபிப்பிராயம். கௌரவத்தை மாத்திரம் கருதி அல்சேஷன் கேட்போருக்கு இது கசக்கலாம்.

இன்னுமொரு விஷயம் உண்டு; பிள்ளைகள் அதைப் பேசக் கூசுவார்கள். மேய்ப்பு நாயின் ஆயுள் பத்திலிருந்து பதினைந்து ஆண்டு வரை. எழுபத்தைந்து வயதில் குட்டியை ஏற்பவர் அதன் முடிவைக் காண்பது நிச்சயமில்லை. பில்லி 2018இல் காலமானார். சேஸர் அதன்பின் ஓராண்டு அவர் குடும்பத்தாரோடு வாழ்ந்தது. 2022இல் மகாராணியார் மறைந்தபோது எஞ்சிய கோர்கிகளை மகன் அன்ட்ரூவின் குடும்பத்தார் ஏற்றுக்கொண்டனர். பதுளையில் அம்மா படுக்கையில் விழுந்தால், மகன் அவரைக் கொழும்பிலுள்ள மாடி வீட்டுக்கு அழைத்துச் செல்வான். அந்த வீட்டில் நாய்க்கு இடமிராது. பஸ் நிலையத்தருகே, கழுத்தில் பட்டியுடன், ஒவ்வொரு வண்டியையும் ஏறிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கும் அல்சேஷன் அங்கு எப்படி வந்தது என்பதை ஊகிக்க அதிக புத்தி தேவையில்லை.

ஏற்கெனவே மேய்ப்பு நாயை வாங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? விரட்டிவிட வேண்டாம். அயலிலுள்ள ஓர் இளைஞனைப் பிடித்து, கூலி கொடுத்தாவது, காலை மாலை ஓடவைக்கலாம். சோற்றை ஒரே தட்டில் கொட்டாமல் முற்றத்தில் அங்குமிங்கும் ஒளித்துவைத்துத் தேடவிட்டால், மூக்குக்கும் மூளைக்கும் அரைமணி நேர வேலையாகும்; நாற்காலியில் அமர்ந்தபடியே முதியவர் அதை நடத்தலாம். சங்கிலியைக் கழற்றிச் சுற்றுவேலி போடும் செலவைக் குட்டியை வாங்கிய பிள்ளையே ஏற்கட்டும். இனி வாங்க நினைப்போர், குட்டிக்கு முற்பணம் அனுப்புமுன் அம்மாவிடம் ஒன்று கேட்டுப் பார்க்கலாம்: ஐப்பசி முதல் தை வரை பதுளையில் அடைமழை பெய்யும் விடியற்காலையில், இதை வெளியே அழைத்துப் போகப்போவது யார்?