மறைஞான நூல்கள் யாருக்குச் சொந்தம்?

யூதர்களின் மறைஞான நூல்கள் இன்று ஏலத்தில் விலை கூறப்படுகின்றன. 'ஸோகார்' என்னும் பழம்பெரு நூலின் பிரதியொன்று இன்ன ஹஸிதிய குருவின் கையில் இருந்தது என்று நிறுவப்பட்டுவிட்டால் அதன் விலை பன்மடங்காகின்றது. ஓரத்தில் அவர் எழுதிய இரண்டு வரிக்கும், முகப்பில் அவர் இட்ட ஒப்பத்துக்குமே பணம். வாங்கியவர் படிப்பதற்கா வாங்குகிறார்? பெட்டகத்திற் பூட்டி வைப்பதற்கே வாங்குகிறார்.

இந்நூல்களை அக்குருமார் கையிற் சேர்த்தவர் யார் என்ற கேள்வியை நாம் எழுப்ப விரும்புகிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் உக்ரேனிலும் போலந்திலும் ஹஸிதியம் எழுந்தது. கற்றோர் சிலரே அறிந்திருந்த கபலா ஞானத்தை அது வண்டிக்காரனுக்கும் சாராயக்கடைக்காரனுக்கும் உரியதாக்கிற்று. நெடுங்காலம் கையெழுத்துப் பிரதியாகவே உலவிய 'ஏட்ஸ் ஹயிம்' 1782இல் கொரெட்ஸ் என்னும் சிற்றூரில் அச்சேறியது. குருமாரின் இல்லங்கள் அடியார் தந்த காணிக்கையால் நடந்தன. அவர்களுடைய நூலகங்களில் ஏழைகளின் சில்லறைக் காசும் கலந்திருந்தது.

வழக்கு மன்றம் வரை சென்ற சான்றொன்று உண்டு. லூபாவிச் மரபின் ஆறாவது குரு யோசப் இட்ஸ்ஹாக் ஷ்னியர்சோன் 1940இல் வார்சோவிலிருந்து நியூயோர்க் வந்தார், 1950இல் காலமானார். 1985இல் அவருடைய பேரர் புரூக்ளின் நூலகத்திலிருந்து நானூறு அளவிலான நூல்களை எடுத்துச் சென்று விற்கத் தொடங்கினார். 1757ஆம் ஆண்டின் ஹகதா ஒன்று 69,000 டொலருக்குக் கைமாறி, விரைவிலேயே ஏறத்தாழ 150,000 டொலருக்கு மறுபடியும் விற்கப்பட்டது. பாட்டனாரின் பொருள் பேரனுக்கு என்பது அவர் வாதம். உலகம் ஒப்பும் வாதந்தான். ஆனால் 1946இல் அக்குரு தாமே யூத அறிஞர் அலெக்சாண்டர் மார்க்சுக்கு எழுதிய கடிதத்தில் அந்நூலகத்தைத் தம் சொத்தென்று கூறவில்லை. ஹஸிதியர் சங்கத்தின் உடைமையென்றும் யூத மக்களின் செல்வமென்றும் கூறியிருந்தார். குரு அவற்றைச் சமூகத்தின் பொருட்டே வைத்திருந்தார் என்று 1987 ஜனவரி 6ஆம் நாள் நீதிபதி சார்ள்ஸ் சிப்டன் தீர்ப்பளித்தார். தனியுடைமையைத் தெய்வமாகக் கொண்டாடும் அமெரிக்காவிலே வந்த தீர்ப்பு இது!

முற்போக்கு நண்பர் சிலர், "மூடநம்பிக்கையின் குப்பை எவர் கையிலிருந்தால் என்ன?" என்று நகைக்கக்கூடும். இந்நகைப்பை நாம் ஏற்பதற்கில்லை. கபலாவை ஆராய்ச்சித் துறையாக வளர்த்த கெர்ஷோம் ஷோலெம் ஹஸிதியர் அல்லர். அவர் சேர்த்த நூல்கள் ஜெருசலேம் தேசிய நூலகத்திலே வாசகருக்குத் திறந்திருக்கின்றன. அவையும் பெட்டகங்களுக்குட் போயிருந்தால் ஒரு மக்களின் மனவரலாற்றை எதைக் கொண்டு எழுதுவது? ஒன்றை மறுப்பதற்கும் முதலில் அதைப் படித்தாக வேண்டுமே!

அந்நண்பர்களுக்குக் கசப்பான இன்னொன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. அதே குரு மரபின் பழைய நூலகத்தைப் புரட்சிக்குப் பின்னர் சோவியத் அரசு கைப்பற்றியது. ஏறத்தாழ 12,000 நூல்கள் மொஸ்கோவின் லெனின் நூலகத்தை அடைந்தன. மக்களின் பெயரால் எடுக்கப்பட்ட நூல்கள், அவற்றைத் தம் காணிக்கையால் வளர்த்த மக்களுக்கே மறுக்கப்பட்டன. இதைப் பொதுவுடைமை என்று அழைக்க நம் நாக்கு எழவில்லை. ஏலக்காரன் பணத்தால் செய்வதை அரசு அதிகாரத்தால் செய்தது, அவ்வளவே. அமெரிக்க நீதிமன்றம் 2013இல் நாளொன்றுக்கு 50,000 டொலர் தண்டம் விதித்தும் ருஷ்யா அசையவில்லை. அதே ஆண்டில் ஒரு பகுதி நூல்கள் மொஸ்கோ யூத அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டன. அங்கும் அவை அரச நூலகத்தின் கிளையாகவே வைக்கப்பட்டன.

புரூக்ளின் அடியார்களோ தீர்ப்பு வந்த நாளை ஆண்டுதோறும் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். புத்தகத்துக்காக ஒரு திருநாள்! அதைக் கண்டு பொறாமைப்படுகிறோம் என்பதை நாம் மறைக்கப் போவதில்லை.