கடை வைத்த குற்றம்!

"கறுப்பருக்கு வியாபாரம் வராது, கடன் கொடுத்தால் திரும்பாது" – அமெரிக்க நாட்டிலே நெடுங்காலமாகப் பாடப்பட்டு வரும் பல்லவி இது. பாடுவோர், ஒக்லஹோமா மாநிலத்து டல்சா நகரின் கதையைச் சற்றே படிக்கட்டும், தோழர்களே!

அந்நகரிலே கிரீன்வுட் என்றொரு பேட்டை. வெள்ளையரால் ஒதுக்கப்பட்டவர்கள் தாங்களே உருவாக்கிய கடைவீதி. ஓட்டல், மளிகை, படக்கொட்டகை, பத்திரிகை – அத்தனையும் அவர்களுடையவை. பெரிய ஓட்டலுக்கு உடையவர் ஸ்டிராட்போர்டு, அடிமையாயிருந்தவரின் மகன்! வியாபாரம் வராதாம்!

1921 மே 31 இரவு புகுந்தது வெள்ளையர் கும்பல். மறுநாள் பேட்டையே சாம்பல். மாண்டவர் கணக்கு இன்றுவரை முழுமையாகத் தெரியாது.

நெருப்பு அணைந்தது, வஞ்சகம் அணையவில்லை. 'கலகத்தால் வந்த நட்டத்துக்குப் பணமில்லை' என்று கையை விரித்தன இன்சூரன்ஸ் கம்பெனிகள். நகராட்சியோ, தீப்பிடிக்காத பொருள்கொண்டே கட்டவேண்டுமெனச் சட்டம் போட்டது. கூரை இழந்தவனிடம் செங்கல் கேட்ட கருணையைப் பாரீர்! கூடாரத்தையே அலுவலகமாக்கி வாதாடினார் வழக்கறிஞர் பிராங்க்ளின். சட்டம் வீழ்ந்தது; கடைவீதி எழுந்தது. பின்னாளில் அதன் நடுவே நெடுஞ்சாலை போட்டார்கள், அது வேறு கதை.

கறுப்பர் தொழிலுக்கு முதலும் கடனும் கேட்டால், "சலுகை" என்கிறார்கள் சீமான்கள். பறித்ததைத் திருப்பிக் கேட்பதற்குச் சலுகை என்றா பெயர்?

இழப்பீடு தரலாமென 2001-ல் மாநில விசாரணைக் குழுவே சொன்னது. 2024-ல் மாநில உச்சநீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. வழக்காடிய மூதாட்டியர் இருவருக்கும் அப்போதே வயது நூறைத் தாண்டியிருந்தது.