மூட்டை எடையும் புளூடூத் தராசும்

ரேஷன் கடைத் தராசையும் பில் போடும் விற்பனை முனையக் கருவியையும் புளூடூத் மூலம் இணைத்திருப்பது நம் வியாபாரப் பெருமக்கள் அறிந்ததே. தமிழ்நாட்டில் 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள் உள்ளன. 2025-ம் ஆண்டு இந்த இணைப்பு வந்தபோது, தட்டில் வைத்த சரக்கின் எடை நேராகக் கருவிக்குப் போய், சரியாக இருந்தால்தான் ரசீது வரும் என்றாயிற்று. ஒரு கார்டுக்கு ஆகும் நேரம் கூடுகிறது என்று ஊழியர்கள் குறைப்பட்டார்கள். அத்துடன் இன்னொன்றும் கேட்டார்கள்: கிட்டங்கியிலிருந்து கடைக்கு வரும் மூட்டையையும் இதேபோல் நிறுத்துக் கொடுக்க வேண்டாமா?

நியாயமான கேள்வி. நம் சில்லறைக் கடைக்காரர்களும் இதையேதான் வெகுகாலமாக மொத்த வியாபாரிகளாகிய நம்மிடம் கேட்டு வருகிறார்கள். நாம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எங்கள் கடையில் நடந்ததையே சொல்கிறோம். மிளகாய் வத்தல் மூட்டை ஒவ்வொன்றும் ஒரு எடை இருக்கும். தராசடியில் நிற்பவர் கூவ, கணக்கப்பிள்ளை எழுதுவார். முப்பத்தேழு என்று கூவியது, லாரி இரைச்சலில் முப்பத்தெட்டு என்று பில்லில் ஏறிவிட்டது. சேரன்மகாதேவிக் கடைக்காரர் ஊருக்குப் போய் நிறுத்துப் பார்த்துவிட்டு மறுநாளே வந்து நின்றார். ஒரு கிலோவுக்குப் பணத்தைக் கழித்துக் கொடுத்தோம். ஆனால் அதற்கு முன் வாங்கிய மூட்டைகளை நினைத்துக்கொண்டுதான் அவர் போயிருப்பார். இதில் யாரும் திருடவில்லை. வாய்க்கும் காதுக்கும் நடுவில் போன கிலோ அது.

புளூடூத் அந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது. ஸ்வீடன் நாட்டு எரிக்சன் கம்பெனியில் 1994-ல் தொடங்கிய வேலை இது. 1998-ல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய ஐந்தும் கூடி இதைப் பொது முறையாக்க முன்வந்தன. (பெயர், பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஹெரால்டின் பட்டப்பெயராம்.) இது 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலையில், நொடிக்கு 1600 முறை வரை அலைவரிசை தாவித் தாவிப் பேசுவதால், பக்கத்துக் கடைக் கருவியோடு மோதுவது குறைவு. செல்போன் சிக்னலும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். முதல் தடவை தராசையும் பில் கருவியையும் ஜோடி சேர்த்துவிட்டால் போதும். சாதாரணக் கருவிகள் சுமார் 10 மீட்டருக்குள் பேசும். நடுவே மூட்டை அடுக்கோ இரும்புக் கதவோ இருந்தால் அந்தத் தூரமும் குறையும். ஒயர் போட்டாலும் இதே வேலை நடக்குமே என்பீர்கள். மூட்டை இழுக்கிற தரையில் ஒயர் எத்தனை நாள் தாங்கும்?

ஒன்றை மறந்துவிடக் கூடாது. தராசு தப்பாக இருந்தால் புளூடூத் அந்தத் தப்பை அப்படியே பில்லுக்குக் கொண்டு போகும். 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்ட விதிகளின்படி மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் மறுமுத்திரை வேண்டும். முத்திரை தவறிய தராசுகள் நம் ரத வீதிக் கடைகளில் இல்லை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? சாக்கு எடை வேறு இருக்கிறது. 50 கிலோ பிடிக்கும் சணல் சாக்கே அரைக் கிலோவுக்கு மேல் நிற்கும். அதைக் கழிக்காமல் பில் போட்டால் எந்தக் கருவி வைத்தும் பயனில்லை.

சிறு வியாபாரி இந்தச் செலவைத் தாங்குவாரா என்ற கேள்வி வரும். அதனால்தான் முதலில் மொத்தக் கடைகளில் தொடங்க வேண்டும் என்கிறோம். ரேஷன் கடையைப் போல நமக்கும் உத்தரவு வரும் வரை காத்திருப்பது அழகல்ல. நயினார்குளம் மார்க்கெட் பக்கம் சங்கத்தின் பேரில் ஒரு மேடைத் தராசு, அதோடு இணைந்த சீட்டு அச்சிடும் கருவி ஒன்று வைக்கலாம். அம்பாசமுத்திரத்துக்கோ ஸ்ரீவைகுண்டத்துக்கோ சரக்கு ஏற்றுகிற கடைக்காரர் தம் மூட்டையை அங்கே நிறுத்து, சீட்டை வாங்கிக்கொண்டு போகட்டும். சீட்டும் நம் பில்லும் ஒத்துவராவிட்டால் பில்லைத் திருத்திக் கொடுப்போம். வரும் பொதுக்குழுவில் இதைப் பேச வேண்டுகிறோம். அந்தத் தராசுக்கு எங்கள் கடைப் பங்கை அன்றே கட்டிவிடுகிறோம்.